இலையில் போட்ட சிப்பி

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கழிமுகம் இருந்தது. கரையெல்லாம் கண்டல் மரங்கள். நடுவில் ஒரு கரும்பாறை. அந்தப் பாறைக்கு எதிரே, மரவேர்களுக்கு அடியில் வளை தோண்டி ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியிருந்தது.

அப்பன் பெயர் துடுப்பாண்டி. வால் துடுப்பைப் போல அகலமாக இருந்ததால் அந்தப் பெயர். மனைவி கெண்டையம்மா. ஒரே மகள் பளிங்கு. மூன்று வருஷத்துக்கு முன்புதான் மேலாற்றிலிருந்து இந்தக் கழிக்குக் குடிவந்திருந்தார்கள்.

துடுப்பாண்டி நல்ல நீச்சல்காரன், நல்ல தகப்பன், நல்ல வாய்க்காரனும்கூட. அவனிடம் ஒரே ஒரு குறை. யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது. மானம் மானம் என்று அதை மீசை நுனியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். லேசாகக் காற்றடித்தாலும் அது ஆடும்.

பாறை முழுக்கப் பச்சைச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. வேண்டும்போது பறித்து, ஓட்டைத் திறந்து, சதையைத் தின்பது நீர்நாய்களின் வழக்கம். பாறையின் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அதற்குள் ஒரு பெரிய சிப்பி. துடுப்பாண்டி கையை விட்டுப் பார்த்தான், காலை விட்டுப் பார்த்தான், விரல் வீங்கியதுதான் மிச்சம். அந்தச் சிப்பியின் பெயர் இடுக்கம்மா.

தின்ன முடியாத சிப்பியோடு வேறு என்ன செய்வது? பேச ஆரம்பித்தான். அப்படியே பழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் பாறைக்குப் போய் அவளோடு ஒரு பாட்டம் சண்டை போட்டால்தான் அவனுக்குப் பொழுது விடியும்.

“என்ன இடுக்கம்மா, இன்னும் உயிரோடதான் இருக்கியா?”

“உன் கை மெலிஞ்சு உள்ளே வர்ற வரைக்கும் இங்கேயேதான் இருப்பேன் பாண்டி. தின்னு தின்னு தடிச்சுக்கிட்டே போறியே, எப்ப மெலியறது?”

இடுக்கம்மா பொல்லாதவள். சுற்றியிருந்த சிப்பிகள் எல்லாம் அவளுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளை குட்டிகள். அவர்களைக் காப்பாற்ற அவள் கூசாமல் பொய் சொல்வாள். முதல் வருஷம், “எங்க ஒடம்பெல்லாம் சொறி, தொட்டா ஒட்டிக்கும்” என்றாள். மறு வருஷம், “சிப்பி தின்னா மீசை உதிரும், தெரியாதா உனக்கு?” என்றாள். மீசை என்றதும் துடுப்பாண்டி ஆடிப்போனான். ஒரு மாசம் சிப்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்து கழிமுகமே சிரித்தது. நண்டுகள்கூட அவனைக் கண்டால் தங்கள் மூஞ்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டன.

அன்றிலிருந்து அவன் இடுக்கம்மா சொல்வதில் எதையும் நம்புவதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

அந்த வருஷம் வெயில் காலத்தில் கழியில் ஒரு மாற்றம் வந்தது. காற்று நின்றது. அலை அடங்கியது. வயல்களில் போட்ட உரத்தையெல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டியிருந்தது. ஒரு நாள் காலை பார்த்தால், கடல் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி சிவந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசித் துகள்கள் கோடி கோடியாகப் பெருகியிருந்தன. தண்ணீரில் ஒரு கெட்ட வாடை அடித்தது. மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கழியை விட்டு ஓடின.

மீன் ஓடினால் நீர்நாய்க்கு அங்கே என்ன வேலை? துடுப்பாண்டியும் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேலாற்றுக்குப் போய்விட்டான். பதினைந்து நாள் கழித்துத் தென்காற்று வீசியது. பாசியை அள்ளிக்கொண்டு போனது. குடும்பம் திரும்பி வந்தபோது கழித் தண்ணீர் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. மீன்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

வந்த மறுநாளே வடகழியிலிருந்து சேதி வந்தது. அங்கே கோரைப்பல்லார் என்றொரு பெரிய நீர்நாய். அவருடைய மூத்த மகனுக்குப் பளிங்கைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பளிங்குக்கும் பிடித்திருந்தது. “நாளை மத்தியானம் ஆறு பேர் வருகிறோம். கை நனைத்துவிட்டுச் சம்பந்தத்தை உறுதி செய்கிறோம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார் கோரைப்பல்லார்.

கை நனைப்பது என்றால் சும்மா இல்லை. நீர்நாய்களிடம் அதற்கு ஒரு முறை உண்டு. பெண்ணைப் பெற்றவன் தன் கையால் பறித்த சிப்பியைத்தான் இலையில் வைக்க வேண்டும். விருந்தாளி சாப்பிட்டு எழும்வரை அவன் வீட்டில் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது, வைத்தால் எச்சில். எல்லாவற்றுக்கும் மேலாக, இலையில் போட்டதைத் திரும்ப எடுக்கவே கூடாது. எடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அந்த உறவு அன்றோடு முறிந்தது.

மறுநாள் காலையிலேயே துடுப்பாண்டி பாறைக்குப் போனான். சிப்பிகளைப் பார்த்து அவனுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தது.

“பாண்டி, பறிக்காதே” என்று இடுக்கிலிருந்து குரல் வந்தது.

“ஆரம்பிச்சுட்டியா?” என்றான் துடுப்பாண்டி, பறித்துக்கொண்டே.

“நான் சொல்றதைக் கேளு. தண்ணி செவந்தப்ப நீ ஓடிட்டே. மீனெல்லாம் ஓடிடுச்சு. நாங்க எங்கே ஓடறது? பாறையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கோம். வந்த தண்ணியை வாங்கி வாங்கி வடிகட்டிக் குடிச்சோம். அந்தப் பாசியில விஷம் இருந்திச்சு. இப்ப அது எங்க வயித்துக்குள்ள இருக்கு.”

“விஷம் இருந்தா நீ செத்திருக்கணுமே. நல்லா வாயடிச்சுக்கிட்டுல்ல இருக்கே?”

“எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்களைத் தின்னவங்களுக்குத்தான் ஆகும். நீங்க இங்கே வர்றதுக்கு முந்தி ஒரு வருஷம் இதே மாதிரி செவந்திச்சு. தண்ணி தெளிஞ்சதும் உள்ளான் குருவிங்க வந்து எங்காளுங்களைத் தின்னுச்சு. இந்த இடுக்குலேருந்து என் கண்ணால பார்த்தேன். ஒண்ணுகூடப் பறந்து போகலே.”

துடுப்பாண்டி கையிலிருந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. நல்ல வாசனைதான் வந்தது. சுற்றிலும் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

“போன தடவை மீசை உதிரும்னே. இந்தத் தடவை உயிரே போகுமா? வருஷா வருஷம் உன் பொய்யும் கொழுத்துக்கிட்டே வருது இடுக்கம்மா” என்றான்.

“அது பொய்தான். ஒத்துக்கறேன். இது நிஜம் பாண்டி.”

“சொந்தக்காரங்களைக் காப்பாத்த நீ இன்னும் எத்தனை நிஜம் சொல்லுவியோ!”

கை நிறையச் சிப்பிகளை அணைத்துக்கொண்டு அவன் நீந்திப் போனான். பின்னாலிருந்து இடுக்கம்மா கத்திக்கொண்டே இருந்தாள். இப்படி அவன் எட்டு நடை நடந்து பறித்தான். எட்டு நடையும் அவள் கத்தினாள். கடைசி நடையில் அவள் குரல் கம்மிப்போயிருந்தது. அதுகூட அவனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கரையில் கெண்டையம்மா பூவரச இலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இடுக்கம்மா சொன்னதைத் துடுப்பாண்டி சிரித்துக்கொண்டே சொன்னதும் அவள் கை நின்றது.

“ஏங்க, எதுக்கும் ஒரு தடவை யோசிங்களேன். அவ தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினதில்லையே?”

“நீயுமா? மறுபடியும் ஊரே சிரிக்கணுமா? சம்பந்தி வர்றப்ப இலையில சிப்பி இல்லாம கூழாங்கல்லையா வைக்கறது? ஒரு மீன்குஞ்சு இருக்கா இந்தக் கழியில?”

“அதுக்கில்லீங்க…”

“ஏழு தண்ணியில கழுவறேன். போதுமா?”

சொன்னபடியே கழுவினான். ஒவ்வொரு சிப்பியாக எடுத்து, தேய்த்து, அலசி, வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு அடுக்கினான். பாவம், பெண்ணைப் பெற்றவன் படுகிற பாடு அது. ஏழு என்று சொல்லி ஒன்பது தண்ணீரில் கழுவினான். விஷம் ஓட்டின்மேல் ஒட்டியிருந்தால் அல்லவா தண்ணீரோடு போகும்? அது சதைக்குள் ஊறிக் கிடந்தது.

அடுக்கிய சிப்பிகளை மரத்தின் மேலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் பசப்பன். கடற்காகம். திருட்டும் நடிப்பும் அவனுக்கு இரண்டு கால் மாதிரி. யாராவது மீனோடு வந்தால் உடனே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுவான். “மூணு நாளாப் பட்டினி” என்பான். கொடுத்ததும் இரண்டு காலாலும் ஓடுவான். துடுப்பாண்டி முதுகைத் திருப்பிய நேரத்தில் பசப்பன் இறங்கினான். திறந்திருந்த சிப்பிகளில் ஐந்தாறை விழுங்கிவிட்டு மறைந்துபோனான். யாரும் பார்க்கவில்லை.

உச்சிவேளையில் விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். கோரைப்பல்லார், அவர் மனைவி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய்மாமன், மாப்பிள்ளையின் குட்டித் தம்பிகள் இருவர். வடகழியிலிருந்து நீந்தி வந்த களைப்பும் பசியும் எல்லார் முகத்திலும் தெரிந்தன.

“வாங்க சம்பந்தி, வாங்க. தங்கச்சி, வாம்மா. நிழல்ல உட்காருங்க” என்று துடுப்பாண்டி ஓடி ஓடி வரவேற்றான்.

“இருக்கட்டும் சம்பந்தி. எங்களுக்கு உபசாரமெல்லாம் வேணாம். இலையில ரெண்டு சிப்பி வெச்சாப் போதும்” என்றார் கோரைப்பல்லார். அவர் பல் மட்டுமல்ல, பசியும் பெரிது என்பது குரலில் தெரிந்தது.

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். துடுப்பாண்டி தன் கையால் பரிமாறினான். ஆளுக்குப் பத்துச் சிப்பி. பளிங்கு கண்டல் இலையால் விசிறினாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தான். தாய்மாமன் சிப்பியைப் பார்த்துவிட்டு, “அடேயப்பா, எங்க கழியில இப்படிக் கொழுத்ததே கிடையாது” என்றான். துடுப்பாண்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “கை நனைங்க” என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அப்போது புதருக்குள்ளிருந்து பசப்பன் தள்ளாடிக்கொண்டு வந்தான். இரண்டு அடி வைத்தான். விழுந்தான். எழுந்தான். மறுபடியும் விழுந்தான்.

“பாண்டி… என் அலகு எங்கே?” என்றான்.

“மூஞ்சியிலதான் இருக்கு. போடா அந்தாண்டை, விருந்தாளிங்க இருக்காங்க” என்று துடுப்பாண்டி பல்லைக் கடித்தான்.

“இருக்கற மாதிரியே தெரியலே… வாயெல்லாம் மரத்துப் போச்சு. காலும் வரலே. உன் சிப்பியில ஆறு எடுத்துட்டேன்… திருடிட்டேன் பாண்டி…”

தாய்மாமன் சிரித்தான். “உங்க கழியில கூத்துக்காரனெல்லாம் இருக்கானா?”

“அவன் நடிக்கிறானுங்க. தினமும் இதே வேலைதான்” என்றான் துடுப்பாண்டி. அவனும் சிரித்துவைத்தான். சிரித்தானே தவிர, பார்வையைப் பசப்பன்மேலிருந்து எடுக்க முடியவில்லை.

பசப்பன் விழுந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடைசி இலை இருந்தது. இலை நிறையச் சாப்பாடு. நொண்டும்போதும் அழும்போதும் பசப்பனின் ஒரு கண் எப்போதும் சாப்பாட்டின்மேல்தான் இருக்கும். இன்றைக்கு அந்தக் கண் எங்கேயும் இல்லை. அது வானத்தைப் பார்த்து அப்படியே நின்றிருந்தது. இறக்கை லேசாக நடுங்கியது.

துடுப்பாண்டி இலைகளைத் திரும்பிப் பார்த்தான். ஒருத்தி பொய்க்காரி. ஒருத்தன் திருடன். இவர்கள் இரண்டு பேர் பேச்சை நம்பி இலையில் போட்டதை எடுப்பதா? எடுத்தால் சம்பந்தம் முறியும். பளிங்கின் ஆசை மண்ணாகும். மீசை உதிரும் என்று நம்பியதற்கே ஒரு வருஷம் சிரித்தார்கள். இதற்கு ஆயுள் முழுக்கச் சிரிப்பார்கள். ஒருவேளை பசப்பன் நடிக்கத்தான் செய்கிறானோ?

பசி தாங்காத குட்டித் தம்பிகளில் சின்னவன், யாரும் சொல்லாமலே ஒரு சிப்பியை எடுத்து வாய்க்கருகே கொண்டுபோனான்.

‘பொய்யாக இருந்தால் என் மானம் போகும். நிஜமாக இருந்தால் இந்தக் குட்டி போகும்’ என்று துடுப்பாண்டி நினைத்தான். அதற்குமேல் அவன் நினைக்கவில்லை. பாய்ந்தான். குட்டியின் கையிலிருந்ததைத் தட்டிவிட்டான். அந்தத் துடுப்பு வாலைச் சுழற்றி ஒரே வீச்சில் ஆறு இலையையும் வாரித் தண்ணீருக்குள் தள்ளினான். அறுபது சிப்பியும் ஆழத்துக்குப் போய்விட்டன.

குட்டிதான் முதலில் அழ ஆரம்பித்தது.

கோரைப்பல்லார் மெதுவாக எழுந்தார். “இலையில போட்டதை வாரிக் கொட்டினவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்” என்றார்.

“சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. அதுல விஷம் இருக்குன்னு சொன்னாங்க…”

“யார் சொன்னாங்க?”

துடுப்பாண்டி பாறைப் பக்கம் கை காட்டினான். “பாறையில ஒரு சிப்பி.”

“சிப்பி சொல்லிச்சு, நீ கேட்டுக்கிட்டே. சரி. சொன்னாங்கன்னு தெரிஞ்சும் ஏன் இலையில வெச்சே?”

நியாயமான கேள்விதான். துடுப்பாண்டியின் தலை தானாகக் குனிந்தது.

“வேற சாப்பாடு இருக்கா?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

“மீன் இன்னும் கழிக்குத் திரும்பலே தங்கச்சி. ஒண்ணும் இல்லே.”

“கேட்டீங்களா மாமா? பெண்ணும் வேணாம், இவங்க சகவாசமும் வேணாம். கிளம்புங்க” என்றான் தாய்மாமன். மாப்பிள்ளை பளிங்கைத் திரும்பிப் பார்த்தபடியே தண்ணீரில் இறங்கினான். ஆறு பேரும் பசியோடு போய்விட்டார்கள்.

கரையில் வெறும் மண்தான் மிச்சம். துடுப்பாண்டி மகள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கண்டல் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பளிங்கே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க செஞ்சது சரிதாம்ப்பா. ஆனா அழுகையும் வருது. ரெண்டும் சேர்ந்து வருது” என்றாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

“ரெண்டு பேரும் அப்புறம் அழலாம். இவன் மூச்சு விடறதுக்குத் திணறறான், வந்து பிடிங்க” என்று கெண்டையம்மா கூப்பிட்டாள்.

பசப்பன் நடிக்கவில்லை. அவனுடைய கழுத்து தொங்கிவிட்டது. மூன்று பேரும் அவனைத் தூக்கி நிழலில் கிடத்தினார்கள். மூச்சு அடைக்காமல் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். கை வலித்தால் ஆள் மாற்றிப் பிடித்தார்கள். திருடியவன், விருந்தைக் கெடுத்தவன் என்றெல்லாம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாய்ந்தது, பொழுது விடிந்தது. மறுநாள் வெயில் ஏறியபோது பசப்பனின் இறக்கை அசைந்தது.

“பட்டினியா இருக்கேன்” என்றான். இந்தத் தடவை அது நிஜம். கெண்டையம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

துடுப்பாண்டி நேராகப் பாறைக்குப் போனான். இடுக்குக்கு முன்னால் மிதந்தான்.

“யாரும் தின்னாங்களா?” என்று கேட்டாள் இடுக்கம்மா. குரல் இன்னும் கம்மலாகவே இருந்தது.

“பசப்பன் மட்டும். பிழைச்சுக்கிட்டான்.”

“நல்ல வேளை.”

“இடுக்கம்மா, ஒண்ணு கேக்கறேன். நீ பேசாம இருந்திருந்தா நாங்க எல்லாரும் செத்திருப்போம். உங்காளுங்களைப் பறிக்க இந்தக் கழியிலேயே ஒரு ஆள் இருந்திருக்காது. ஏன் சொன்னே?”

இடுக்கம்மா கொஞ்ச நேரம் ஓட்டை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு திறந்தாள்.

“நானும் அதை நினைக்காம இல்லே. நீங்க மேலாத்துல இருந்த பதினஞ்சு நாளும் அதைத்தான் நினைச்சேன். உன்னால எத்தனை பேரை இழந்திருக்கேன் தெரியுமா? ஆனா பாண்டி, நீ பசிச்சா எங்களைத் தின்னுவே. அது உலகத்துல உள்ளது. தெரிஞ்சே விஷத்தைக் கொடுத்துட்டுச் சும்மா இருக்க என்னால முடியலே. அதோட, தினமும் காலையில யாரு வந்து என்னோட சண்டை போடுவாங்க?”

துடுப்பாண்டி இடுக்குக்கு இன்னும் கிட்டே வந்தான். “எப்ப சரியாகும்?” என்று மட்டும் கேட்டான்.

“அது எனக்கே தெரியாது. தண்ணி தெளிஞ்சா எங்க வயிறும் தெளிஞ்சதாக் கணக்கில்லே. வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம். பார்த்தும் தெரியாது, மோந்தும் தெரியாது, கழுவினாலும் போகாது. நான் சொல்ற வரைக்கும் தொடாதே.”

“நீ சொல்லவே மாட்டியே.”

“அதுவும் சரிதான்” என்றாள் இடுக்கம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். துடுப்பாண்டி அன்றைக்கே மற்ற பாறைகளுக்கும் நீந்திப் போய், கண்ட பறவைக்கும் நண்டுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், ‘இப்போது எது உதிரும்?’ என்று கேட்டுச் சிரித்தார்கள். அவன் பதிலுக்கு முறைக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பாறைக்குப் போனான்.

மாலையில் திரும்பி வந்தால், கரையோரம் ஆறு தலைகள் நீந்தி வருவது தெரிந்தது. முன்னால் கோரைப்பல்லார். துடுப்பாண்டி அங்கேயே நின்றுவிட்டான். பஞ்சாயத்துக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஆறு பேரும் கரையேறினார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு மீன். கோரைப்பல்லார் தன்னுடையதைத் துடுப்பாண்டியின் காலடியில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். தாய்மாமன் கடைசியாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், இருப்பதிலேயே பெரிய மீனை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

“நேத்து இங்கேயிருந்து போறப்ப வழியில இன்னொரு பாறை இருந்திச்சு சம்பந்தி” என்று கோரைப்பல்லார் ஆரம்பித்தார். “அது நிறையச் சிப்பி. பசி தாங்காம இறங்கப் போனோம். என் வீட்டுக்காரி இவதான் தடுத்தா. ‘மானத்துக்குப் பயந்த மனுஷன், எல்லார் முன்னாடியும் மானத்தைத் தண்ணியில தள்ளிட்டாருன்னா சும்மா தள்ளியிருக்க மாட்டாரு’ன்னா. நான் கேக்கலே. பாறையைச் சுத்தி அந்தப் பக்கம் போனேன். மணல்ல உள்ளான் குருவிங்க கிடந்துச்சு. இருபது இருக்கும். எல்லாத்துக்கும் பக்கத்துல வெறும் சிப்பி ஓடு.”

மாப்பிள்ளையின் அம்மா, குட்டித் தம்பியைத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இலையில வெச்சது என் தப்புதான் சம்பந்தி. காலையிலேயே என்கிட்ட சொன்னாங்க. கேக்காம வெச்சேன்” என்றான் துடுப்பாண்டி.

“வெச்சது தப்பு. எடுத்தது சரி. ரெண்டையும் சேர்த்துத்தான் உங்க வீட்டுல சம்பந்தம் பண்றோம்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“மீனுக்காக மேலாறு வரைக்கும் போயிட்டு வர்றோம். நேத்து மத்தியானத்துலேருந்து யாரும் ஒண்ணும் சாப்பிடலே” என்றார் கோரைப்பல்லார்.

துடுப்பாண்டி பதறிப்போனான். “ஐயோ, என்னாலதான் நேத்து எல்லாரும் பட்டினி.”

“ஆமா. நீங்க பட்டினி போட்டீங்க” என்றார் கோரைப்பல்லார். “அதனாலதான் சம்பந்தி, இன்னிக்கு எங்களுக்குப் பசிக்குது. இலையைப் போடுங்க.”

விருந்தாளி பசியோடு திரும்பினாலும் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவனே மானமுள்ளவன்.